நூற்றுப் பதினெட்டாம் விண்ணப்பம்

வானத்தைப் பார்த்துப் பிழைக்கிறவர்கள் கூடும் இடத்தில் ஜன்னலே இருக்காது. ஏன் என்று கேட்டால் அதை ஆராய ஒரு குழு போடுவார்கள். அந்தக் குழுவும் ஜன்னல் இல்லாத அறையில்தான் கூடும்.

அந்த வருட மாநாட்டு மண்டபமும் அப்படித்தான். மேலே மூன்று மாடிகளிலும் இரண்டாயிரம் பேர் கழுத்தில் அடையாள அட்டையோடு அலைந்துகொண்டிருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எதிரில் வருகிறவரின் வயிற்றுக்கு மேலே ஆடும் அட்டையில் பெயரைப் படித்துவிட்டுத்தான் எவ்வளவு சிரிப்பது என்று முடிவு செய்தார்கள். பெரிய பெயர் என்றால் பல் தெரியும். சின்னப் பெயர் என்றால் பார்வை தோளைத் தாண்டி, பின்னால் வருகிற இன்னொரு அட்டைக்குப் போய்விடும்.

தரைக்கு இரண்டு மாடி கீழே, கட்டடத்தின் பழைய பகுதியில், இந்தச் சந்தடி எட்டாத ஓர் அறை இருந்தது. விண்வெளித் தொலைநோக்கி அடுத்த வருடம் எங்கெங்கே பார்க்க வேண்டும் என்று அங்கே ஐந்து பேர் உட்கார்ந்து தீர்மானிப்பார்கள். காலை எட்டரைக்கு அந்த அறையின் கதவைத் திறந்தவளுக்குக் குழுவில் 'கப்சிப் மேடம்' என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம் மட்டும். முழுப் பட்டம் முதுகுக்குப் பின்னால்.

பட்டத்துக்குக் காரணம் அவளுடைய வேலை. முன்பெல்லாம் தொலைநோக்கி நேரம் கேட்டு வரும் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே பெயர் இருக்கும். பெயரைப் படித்ததும் மதிப்பெண் விழுந்துவிடும். மற்ற பக்கங்களைப் புரட்டுவது ஒரு மரியாதைக்கு. வருடா வருடம் அதே பத்துப் பேருக்குத்தான் வானம் கிடைக்கிறது என்று யாரோ எண்ணிப் பார்த்துச் சொல்லிவிட, விஷயம் சந்தி சிரித்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு பெயர்களை எடுத்துவிட்டார்கள். இப்போது எண் மட்டும்தான். தரவரிசை முடிந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் பெயர்ப் பக்கம் திறக்கும். அதற்கு முன்னால், 'இதை எழுதினது இன்னார்தானே' என்று யாராவது வாயைத் திறந்தால் மூட ஓர் ஆள் வேண்டுமே. அந்த ஆள் அவள். அவளுக்கு வாக்கு கிடையாது, கருத்தும் கிடையாது. மூலையில் ஒரு நாற்காலி, ஒரு மடிக்கணினி, அதன் திரையில் ஒரு சிவப்புப் பொத்தான். எழுதியவரைக் காட்டிக்கொடுக்கிற விண்ணப்பத்தை அதை அழுத்தி நீக்கிவிடலாம். பொத்தானைத் தவிர அவளுக்கு வேறு அதிகாரம் இல்லை.

பதினோரு வருடமாக ஒப்பந்த ஊழியம். ஒவ்வொரு வருடமும் போகச் சொல்வார்களா, இருக்கச் சொல்வார்களா என்று தெரியாது. "இந்தக் கூட்டம் மட்டும் வம்பில்லாம முடியட்டும்மா, உன்னை நிரந்தரம் பண்ணிடறேன்" என்று தலைவரே சொல்லியிருந்தார். காகிதம் அவர் தோல்பையில் இருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

அறையில் ஸ்பிரிட் வாசனை அடித்தது. மேசையைத் துடைத்திருப்பார்கள் என்று நினைத்தாள். கூரையில் குளிர்காற்று வருகிற கம்பித் தடுப்புக்குப் பின்னால் எதுவோ தளர்ந்திருந்தது. புஸ் என்று ஒரு மூச்சு. பிறகு டக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி புஸ். டக்.

அந்தச் சத்தத்தை அவள் கேட்டிருக்கிறாள். எங்கே என்று யோசிக்காமல் இருப்பதற்காக நாற்காலிகளை நேராக்க ஆரம்பித்தாள். எல்லாம் ஏற்கனவே நேராகத்தான் இருந்தன.

தலைவர் வந்தார். பதினெட்டு வருடமாக ஒரே தொடக்க உரையை ஆற்றுகிறவர். "இந்தப் பிரபஞ்சத்துக்கு முன்னால நாம எல்லாரும் வெறும் தூசு" என்று ஆரம்பித்தவர், தூசுக்குக் கை வைத்த நாற்காலி இல்லையா என்று சுற்றிலும் பார்த்தார். கருந்துளைகளை ஆராய்கிறவர் பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார். அவரிடம் போன தட்டில் எதுவும் திரும்பி வராது என்பதால் அவருக்கே கருந்துளை என்று பெயர். எதையும் 'ஆனால்' என்று ஆரம்பிக்கும் ஆனால் சார் அவருக்கு எதிரே. வேறு சூரியன்களைச் சுற்றும் கோள்களைத் தேடுகிற பெண்தான் குழுவில் இளையவள், அதனால் நாற்பத்தொரு வயதிலும் அவள் எல்லோருக்கும் பாப்பா. ஐந்தாவது ஆள் மடிக்கணினிக்குப் பின்னால் எப்போதும் தன் சொந்த விண்ணப்பத்தை அடித்துக்கொண்டிருப்பவர். அவருக்கு முகம் எப்படி இருக்கும் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

விண்ணப்ப எண்கள் நூற்றொன்றில் தொடங்கின. பதினோரு மணிக்குள் பதினேழு விண்ணப்பங்களைத் தீர்த்துக்கட்டினார்கள்.

"இது அந்த மலை மேல உக்காந்திருக்கற கும்பலோடதுதான்," என்றார் கருந்துளை, நூற்றுப் பதினேழைப் பார்த்து. "அவங்க டைரக்டர் என் கல்யாணத்துக்கே வந்தவர்."

"சார், யாருங்கறது வேண்டாம்."

"பேரைச் சொல்லலையேம்மா. கல்யாணத்துக்கு வந்தார்னுதானே சொன்னேன்."

"கல்யாணமும் வேண்டாம் சார்."

"இதை நீங்க முப்பது வருஷம் முன்னாடி வந்து சொல்லியிருக்கணும்."

சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் தலைவர் கடைசி விண்ணப்பத்தைத் திறந்தார். சுவரில் வெளிச்சம் விழுந்தது. நூற்றுப் பதினெட்டு. முதல் வரி இப்படி இருந்தது:

'இந்த விண்மீன் செத்தபோது யாருக்கும் சத்தம் கேட்கவில்லை.'

அவள் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

குனிந்து எடுக்கத் தோன்றவில்லை. தன் திரையில் மூன்றாம் பக்கத்துக்குப் போனாள். இரண்டாம் அட்டவணை, மூன்றாம் வரி. பதினாறு புள்ளி நான்கு என்று இருக்க வேண்டிய இடத்தில் பதினான்கு புள்ளி ஆறு என்று இருந்தது. அந்தத் தப்பை அடித்தது அவள் விரல்தான். இரண்டு வருடத்துக்கு முன்பு, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அக்கா சொல்லச் சொல்ல அடித்தது.

அக்கா என்றால் கூடப்பிறந்த அக்கா. எட்டு வயது மூத்தவள். வானத்தைக் காட்டித் தங்கையையும் இந்தத் தொழிலில் இழுத்துவிட்டவள். பெரிய விண்மீன்கள் சாகும்போது வெடிக்கும், ஊரே பார்க்கும். அக்காவின் விண்மீன் வெடிக்கவில்லை. ஒரு வருடப் படத்தில் இருந்தது, அடுத்த வருடப் படத்தில் இல்லை. அது இருந்த இடத்தில் சூடு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று ஒரே ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. ஆறு வருடம் கேட்டாள். பெயரோடு கேட்டாள். ஆறு வருடமும் இல்லை என்றார்கள்.

ஏழாம் வருடம் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் அக்கா படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். "இந்தத் தடவை வந்துடும்டி. அனுப்பறது மட்டும் நீ பாத்துக்க."

அனுப்ப வேண்டிய நாளன்று தங்கை வேறொரு நாட்டில், வேறொரு மாநாட்டில் இருந்தாள். இது இந்தத் தொழிலின் சாபம். ஒரு கோள் எந்த நொடியில் தன் சூரியனை மறைக்கும் என்று பத்து வருடம் முன்கூட்டியே சொல்கிறவர்கள், பக்கத்து அறைக் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் தவறி வந்து நிற்பார்கள். காலக்கெடு உலகப் பொது நேரத்தில் இருக்கும். கடிகாரம் உள்ளூர் நேரத்தில் இருக்கும். கழிக்க வேண்டிய இடத்தில் அவள் கூட்டினாள். குழுப் படத்துக்கு நின்று சிரித்துவிட்டு, சாவகாசமாக வந்து 'அனுப்பு' என்று அழுத்தியபோது கதவு மூடி எட்டு நிமிடம் ஆகியிருந்தது.

அன்று சாயங்காலம் போன் வந்தது.

"அனுப்பிட்டியாடி?"

"அனுப்பிட்டேன்கா."

அக்காவின் குரலுக்குப் பின்னால் ஆக்சிஜன் மிஷின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. புஸ். டக்.

அதற்குப் பிறகு நாற்பது நாள், தவறாமல், 'ரிசல்ட் வந்துச்சா?' என்று அக்கா கேட்டாள். 'இன்னும் வரலைக்கா' என்று இவள் சொன்னாள். நாற்பத்தோராம் நாள் கேட்பதற்கு அக்கா இல்லை. கோப்பு அவள் மடிக்கணினியை விட்டு வெளியே போனதே கிடையாது. யாருக்கும் அவள் காட்டியதில்லை. சொன்னதுமில்லை.

இப்போது அது சுவர் முழுக்க நிற்கிறது.

"ஆனால்," என்றார் ஆனால் சார், "இது ஒண்ணுமே இல்லாத இடத்தைப் பாக்கச் சொல்லுதே. இருந்த விண்மீன் போயிடுச்சு, சரி. போனதை என்னத்தப் பாக்கறது?"

கூரையில் மூச்சு நின்றது.

புஸ் வரவில்லை.

டக் வரவில்லை.

அவள் நிமிர்ந்து கம்பித் தடுப்பைப் பார்த்தாள். வேறு யாரும் பார்க்கவில்லை. கருந்துளை தட்டைக் கிட்டே இழுத்துக்கொண்டார். ஸ்பிரிட் வாசனை சட்டென்று மூக்கில் ஏறியது, யாரோ பஞ்சை நனைத்துப் பக்கத்தில் கொண்டு வந்ததுபோல.

"டீ குடிச்சிட்டு வந்து பேசலாமே," என்றார் தலைவர். எல்லோரும் எழுந்தபோது, மேலே ஒரு நீண்ட புஸ்.

டீ முடிந்து வந்து உட்கார்ந்ததும் பாப்பா சொன்னாள்: "சார், உங்க கேள்விக்கு ஏழாவது பதில்ல சொல்லியிருக்காங்களே."

விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் 'முந்தைய விமர்சனங்களுக்குப் பதில்' என்று ஒரு பகுதி உண்டு. ஆறு வருடம் தள்ளியதற்கு ஆறு பதில். ஆறுதான் அவள் அடித்தது. விரல் எண்ணிக்கை மறக்காது.

திரையில் ஏழு இருந்தது.

'பதில் 7. ஒன்றுமில்லாத இடத்தைப் பார்ப்பானேன் என்பதற்கு: இருந்தது போன பிறகும் கொஞ்ச நேரம் சூடு இருக்கும். படுக்கையைத் தொட்டுப் பாருங்கள்.'

"ஆனால் காலையில ஆறுதானே இருந்துச்சு?"

"நீங்க சரியாப் பாத்திருக்க மாட்டீங்க சார்."

"பாத்தேனே," என்றார் ஆனால் சார். பிறகு குரலை இறக்கினார். "பாத்தேன்னுதான் நினைக்கறேன்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. முழு விண்ணப்பத்தையும் படித்தவர் யாரும் அந்த அறையில் இல்லை. படிக்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறவரும் இல்லை. அதனால் அது கண்ணெதிரே வளர்ந்தும் ஒருவர் வாயைத் திறக்கவில்லை.

"என்ன எழுத்து பாருங்க," என்றார் தலைவர், சுவரை நோக்கிக் கையை விரித்து. "படுக்கையைத் தொட்டுப் பாருங்கள். இதெல்லாம் சாதாரண ஆள் எழுதறதில்லை. பெரிய கைதான். எனக்கே ஒரு யூகம் இருக்கு."

"சார், பேர் வேண்டாம்," என்றாள் அவள். குரல் தன்னுடையதுபோல இல்லை.

"யூகம்னுதானேம்மா சொன்னேன்."

"ஆனா ஒரே ஒரு மணி நேரம் போதும்கறாங்களே," என்றார் கருந்துளை, வாய் நிறைய. "பத்து மணி நேரம் கேட்டாத்தானே மூணாவது கிடைக்கும்? கேக்கத் தெரியலையே."

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இமைக்கவில்லை. இமைக்கவே இல்லை என்று பின்னால் சத்தியம் செய்திருப்பாள். எழுத்து எழுதப்படுவதை அவள் பார்க்கவில்லை. ஏழுக்குக் கீழே எட்டு இருந்தது. எப்போதுமே இருந்ததுபோல இருந்தது.

'பதில் 8. ஒரு மணி நேரம் போதுமா என்பதற்கு: என்னிடம் அதற்கு மேல் இருக்கவில்லை.'

பாப்பா அதைச் சத்தமாகப் படித்தாள். தலைவர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். "அடக்கம். பெரியவங்களுக்குத்தான் இது வரும்."

பக்க எண்ணிக்கையைப் பார்த்தாள். ஐந்து. விதிப்படி ஐந்துக்கு மேல் போகக் கூடாது. போகவில்லை. அக்கா எப்போதும் விதியை மீறாதவள்.

பிறகு அவள் தன் திரையில் இன்னும் கொஞ்சம் கீழே போனாள்.

'பதில் 9. காலக்கெடு தாண்டி வந்ததே என்பதற்கு:'

அப்படி யாரும் கேட்கவில்லை. அந்த அறையில் அதைக் கேட்கத் தெரிந்தவள் ஒருத்திதான்.

'எட்டு நிமிடம் தாமதித்தது நான் அல்ல.'

சுவரில் தலைவர் மெதுவாகப் பக்கத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஏழு மேலே போனது. எட்டு மேலே போனது. ஒன்பதின் தலை தெரிந்தது. அவள் உள்ளங்கை நாற்காலிக் கம்பியில் ஒட்டிக்கொண்டது.

"சாப்பாடு வந்துருச்சு," என்றார் கருந்துளை, கதவுக்கு வெளியே வண்டிச் சக்கரம் உருளும் முன்பே. எல்லோரும் எழுந்தார்கள். அறிவியல் இந்த ஒரு விஷயத்தில் என்றும் தாமதித்ததில்லை.

அறையில் தனியாக நின்று அத்தானுக்குப் போன் போட்டாள். அக்கா போன பிறகு அவர்கள் பேசுவது குறைந்திருந்தது. குறைத்தது இவள்தான்.

"அத்தான், அக்காவோட ஃபைல் எதையாவது நீங்க யாருக்காவது அனுப்பினீங்களா?"

"ஃபைலா? டிவி ரிமோட்டே உங்க அக்கா அதட்டினாத்தான் என் கையில வேலை செய்யும். நான் எங்கம்மா ஃபைல் அனுப்பறது?" சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "ஏன், ரிசல்ட் வந்துருச்சா?"

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"கடைசி நாள் கூடச் சொன்னா. தங்கச்சி அனுப்பிட்டா, வந்துடும்னா. நான்தான் உன்கிட்ட கேக்காம இருந்தேன், உனக்குக் கஷ்டமா இருக்கும்னு. வந்துச்சாம்மா?"

அவர் குரலுக்குப் பின்னால் கேட்டது. புஸ். டக்.

"அத்தான், அந்த மிஷின் ஓடுதா?"

"எந்த மிஷின்?"

"ஆக்சிஜன் மிஷின்."

"அதைத் திருப்பிக் குடுத்து ரெண்டு வருஷம் ஆச்சே. இங்க ஃபேன் கூடப் போடலை. என்னம்மா, உடம்புக்கு ஏதாவது..."

துண்டித்தாள். போன் திரை கறுத்தது.

கறுத்த போனிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது.

புஸ்.

டக்.

அதை மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு மடிக்கணினிக்குப் போனாள். யோசித்தால் முடியாது என்று தெரிந்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். காரணம் கேட்டது. 'எழுதியவர் யார் என்று தெரிகிறது' என்று அடித்தாள். அந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து அவ்வளவு உண்மையான காரணத்தை அவள் எழுதியதில்லை. 'விண்ணப்பம் 118 நீக்கப்பட்டது' என்று வந்தது.

சத்தம் நின்றது. போனிலும், கூரையிலும். வாசனையும் போய்விட்டது. அறை வெறும் அறையாக இருந்தது. அவள் சாப்பிடப் போகவில்லை. நாற்காலியிலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து கதவுக்கும் நடந்தாள். நிரந்தர வேலையைப் பற்றி நினைத்துப் பார்த்தாள். நினைப்பு நிற்கவில்லை, வழுக்கிப் போனது.

இரண்டு மணிக்கு எல்லோரும் ஏப்பத்தோடு திரும்பி வந்தார்கள்.

"நூத்திப் பதினெட்டுக்கு மார்க் போட்டுடலாமா?" என்றார் தலைவர். சுவரில் வெளிச்சம் விழுந்தது.

அது அங்கே இருந்தது.

அவள் தன் திரையில் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். ஒன்பதாம் பதில் இல்லை. அந்த இடம் காலியாக இருந்தது. அதற்குக் கீழே:

'பதில் 10. நீக்கியதற்கு:'

அதற்கு மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை.

ரகசிய வாக்கு. ஆளுக்கொரு பொத்தான். ஐந்து பேரும் அழுத்தினார்கள். எண்ணிக்கை சுவரில் வந்தது. ஆறு வாக்குகள்.

"மேடம், நீங்க தெரியாம அழுத்திட்டீங்களா?" என்றார் தலைவர்.

"எனக்குப் பொத்தானே இல்லை சார்."

"மறுபடி போடுவோம்."

மறுபடியும் ஆறு. ஆறும் முழு மதிப்பெண். மடிக்கணினிக்காரர் முதன்முறையாகத் தலையைத் தூக்கினார், சாதாரண முகம்தான். "மெஷின் சரியில்லை," என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். "ஆறைக் கூட்டினாலும் ஐந்தைக் கூட்டினாலும் முதலிடம் இதுக்குத்தான். கையெழுத்துப் போடுங்க." போட்டார்கள். யார் அந்தப் பெரிய கை என்று பார்க்கிற ஆசை எல்லோர் முகத்திலும் வழிந்தது. கருந்துளை மலைக்குழு என்று பந்தயம் கட்டினார். தலைவர் தன் பழைய மாணவர் என்றார். பெயர்ப் பக்கத்தைத் திறந்தார்கள்.

முதன்மை ஆய்வாளர் என்ற இடத்தில் அக்காவின் பெயர். அனுப்பியவர் என்ற இடத்தில் தங்கையின் பெயர்.



"இந்தம்மா இறந்துட்டாங்களே," என்றாள் பாப்பா, மெல்ல.

"நான் இரங்கல் கூட்டத்துல பேசினேனே," என்றார் தலைவர். உருக்கமாகத்தான் பேசினார். ஆறு முறை தள்ளியதில் ஐந்து முறை தள்ளிய கையெழுத்து தன்னுடையது என்பதை மட்டும் நேரம் போதாமல் விட்டுவிட்டார். அவர் மூலைப்பக்கம் திரும்பினார். குரல் இப்போது கிசுகிசுப்பாக இறங்கியது. "இது சிஸ்டம் கோளாறு. பழைய ஃபைல் ஒண்ணு கலந்திருக்கு. நான் அனுப்பலைன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. ரெண்டாவதைத் தூக்கி முதல்ல வெச்சிடலாம். நமக்குள்ள முடிஞ்சிடும்." தோல்பையை முழங்காலால் தொட்டுக் காட்டினார்.

அந்த வார்த்தை உண்மையும்கூட. அவள் அனுப்பவில்லைதான். இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாத உண்மை. சொன்னால் வேலை நிரந்தரம்.

பின்கழுத்தில் காற்றுப் பட்டது. குளிர்காற்று இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அனுப்பறேன்னு சொன்னேன் சார். அனுப்பலை. அனுப்பிட்டேன்னு பொய் சொன்னேன். அதை நம்பிக்கிட்டே அவ போயிட்டா." நாற்காலியிலிருந்து எழுந்தாள். "இப்ப அனுப்பறேன். அதுல இருக்கறது என் பேருதான்."

"நீ இந்த ரூம்ல உக்காந்துக்கிட்டு உன் விண்ணப்பத்தையே... இது தெரிஞ்சா உன் வேலை என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"யோசிச்சேன் சார். எனக்கு வாக்கு கிடையாது. மார்க் போட்டது நீங்க."

"அது பேர் தெரியாம போட்டது."

"அதுக்குத்தானே சார் பேரை எடுத்தீங்க?" என்றாள் பாப்பா. தலைவர் மறுபடி ஏதோ ஆரம்பித்தார்: "இந்தம்மாவைப் பத்தி எனக்குத் தெரியும், இவங்க..."

"சார்," என்றாள் கப்சிப் மேடம். "பேரைப் பத்திப் பேசக் கூடாது."

தோல்பையின் பூட்டு கிளிக் என்று மூடிக்கொண்டது. தரவரிசை நிலைத்தது. அவள் வேலை நிலைக்கவில்லை. அன்று சாயங்காலமே அத்தான் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர், "அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்மா. உனக்குப் பொய் சொல்ல வராது," என்றார். அது ஆறுதலா, வேறு ஏதாவதா என்று அவளுக்கு இன்றுவரை புரியவில்லை.

எட்டு மாதம் கழித்துத் தொலைநோக்கி அந்த இடத்தை ஒரு மணி நேரம் பார்த்தது. அங்கே ஒரு மங்கலான சிவப்புப் புள்ளி இருந்தது. செத்த விண்மீனின் சூடு. அக்கா சொன்ன இடத்தில், சொன்ன அளவில். தங்கை கட்டுரை எழுதி அக்காவின் பெயரை முதலில் போட்டாள். செய்தி உலகம் சுற்றியது.

அடுத்த மாநாட்டில், இரண்டாயிரம் பேர் உட்கார்ந்த பெரிய அரங்கத்தில், பட்டப்பகலில் தலைவர் சிறப்புரை ஆற்றினார். தலைப்பு: 'பெயரில்லா மதிப்பீட்டின் பெருவெற்றி'. நாற்பது படங்கள் காட்டினார். தொலைநோக்கி, குழு, குழுவின் நடுவே அவர், சிவப்புப் புள்ளி, புள்ளியைச் சுட்டும் அவர் விரல். நாற்பதிலும் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அது அக்காவுடையது இல்லை. 'ஒரு விண்ணப்பதாரர்' என்றார். 'எங்கள் குழுவின் தொலைநோக்கு' என்றார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

அவள் கடைசி வரிசையில், பார்வையாளர் அட்டையோடு உட்கார்ந்திருந்தாள். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. எழுந்தாள். நடுப்பாதையில் கேள்வி கேட்பதற்கு ஓர் ஒலிவாங்கி நிறுத்தியிருந்தார்கள். பேசுகிறவர் அதன் பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு எரியும். அவள் அதை நோக்கி நடந்தாள். பத்தடி இருக்கும்போது விளக்கு எரிந்தது.

ஒலிவாங்கிக்கு முன்னால் யாரும் இல்லை.

ஓரத்து வரிசைகளில் சில தலைகள் திரும்பின. பின்னால் சாய்ந்தன. அங்கிருந்த ஒருவர், வெதுவெதுப்பான மூச்சு பட்டதுபோல, தன் சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டார்.

மேடை வெளிச்சத்தில் தலைவருக்கு அரங்கம் தெரியாது. பச்சைப் புள்ளி மட்டும் தெரியும். அவர் கனிவாகச் சிரித்தார்.

"நடு மைக், சொல்லுங்க," என்றார். "முதல்ல உங்க பேரைச் சொல்லிட்டுக் கேளுங்க."

அரங்கத்தின் எல்லா ஒலிபெருக்கிகளிலும் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.